பொட்டு வைத்த டிரான்சிஸ்டர்

என் மனைவி செய்த ஆம்ப்ளிஃபயர் நான் செய்ததைவிட நன்றாகப் பாடியது. எழுதும்போது இது ஒரு வரிதான். இதை எனக்குள் ஒப்புக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. வெளியாள் ஒருவரிடம் சொல்ல ஏழு வருடம் ஆயிற்று.

எங்களுக்கு எழுபத்தெட்டில் கல்யாணம். நான் ராசிபுரம் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். குடியிருந்தது நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் மண்டிகளுக்குப் பின்புறத் தெருவில். மாசி, பங்குனியில் மஞ்சள் வேகிற வாசனை மடித்து வைத்த சட்டை வரைக்கும் ஏறிவிடும். காலையில் பஸ் ஏறிப் போய், நாள் முழுக்க அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை அடித்துக் கொடுத்துவிட்டு மாலையில் திரும்புவேன். அடித்ததில் தப்பு இருந்தால்தான் அங்கே என்னைத் தேடுவார்கள். சரியாக இருந்தால் யாருக்கும் என் ஞாபகம் வராது.

தெருவுக்குள் நுழைந்தால் நான் வேறு ஆள். கல்யாணத்துக்கு முன்பே தபால் வழியில் ரேடியோ படிப்பு ஒன்று முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, சாமி படங்களின் வரிசையிலேயே மாட்டி வைத்திருந்தேன். ஊரில் என்னை 'ரேடியோக்காரர்' என்பார்கள். ரேடியோ கெட்டுப் போனால் கொண்டுவருவார்கள். நான் திருகாணியைக் கழற்றும்போது சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் ஊதித் தூசி தட்டுவதைக்கூட மரியாதையாகப் பார்ப்பார்கள். அதற்காகவே சில சமயம் தேவைக்கு மேல் ஊதியிருக்கிறேன்.

அவள் ஜலகண்டாபுரம். அவர்கள் வீட்டில் நான்கு தறிகள் ஓடின. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நூல் பிரிப்பது, அறுந்த இழையைப் பிணைப்பது என்று தறி வேலையில் இருந்தவள். கல்யாணமான புதிதில் நான் மேஜையில் உட்கார்ந்தால் அவளும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். ஈயக் கம்பியை எடுத்துத் தருவாள். எனக்கு அது பிடித்திருந்தது. வேடிக்கை பார்க்க இனிமேல் வெளியாள் வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை சேலம் போய், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உதிரிப் பொருள் விற்கும் கடையில் இருபது டிரான்சிஸ்டர்கள் வாங்கி வந்தேன். டிரான்சிஸ்டர் என்றதும் ஊரில் எல்லோரும் ரேடியோவைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது ரேடியோவுக்குள்ளே இருக்கும் பொருள். ஒரு புளியங்கொட்டை அளவு, மூன்று கால்கள். ஒரு காலில் சின்ன மின்சாரத்தை விட்டால் இன்னொரு காலில் அது நூறு மடங்காகவோ இருநூறு மடங்காகவோ பெருகி வரும். அந்த மடங்குக் கணக்கைக் 'கெயின்' என்போம். பாட்டுத் தட்டிலிருந்து ஊசி எடுத்துத் தரும் முனகலை ஸ்பீக்கரில் பாட்டாக ஆக்குவது அதுதான்.

பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் கொட்டினேன். அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு இன்னொன்றை.

"ஏனுங்க, எல்லாத்துலயும் ஒரே நம்பர்தான் போட்டிருக்குது. எல்லாம் ஒண்ணாவே இருக்குமுங்களா?"

"நம்பர் ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"எங்கூட்டுல நூலும் அப்பிடித்தானுங்க வரும். நாப்பதாம் நம்பருன்னு சீட்டு ஒட்டியிருக்கும். கட்டுக்குக் கட்டு வேறயா இருக்கும். எங்கம்மா பிரிச்சுப் பாக்காம தறியில ஏத்தவே மாட்டாங்க."

"இது மெஷின்ல செய்யறது அம்மணி. உங்க ஊட்டு நூலா இது?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததால் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பத்திரிகையில் வந்த வரைபடத்தை வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பித்தேன். ஆசாரியிடம் தேக்கில் பெட்டிகூடச் சொல்லிவிட்டேன். அப்போது அவள், மிச்சமிருப்பதில் தானும் ஒன்று செய்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். கோலம் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். நான் பெருந்தன்மையாக, ஈயம் பற்றவைக்கும் பழைய சூட்டுக்கோலையும் ஒரு துண்டு போர்டையும் கொடுத்தேன். "கையச் சுட்டுக்காத" என்றேன். பகலில் நான் ராசிபுரத்தில் இருக்கும்போது அவள் செய்தாள். என்ன செய்கிறாள் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம்; சத்தம் கனமாக வரும். முதலில் என்னுடையது. பாட்டு வந்தது. ஆனால் பாடுகிறவர் குரலை உயர்த்தும் இடத்திலெல்லாம் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி கரகரவென்று உடைந்தது. தட்டு தேய்ந்துவிட்டது என்றேன். ஊசியை மாற்றினேன். அப்படியேதான் உடைந்தது.

அவள் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். ஒரு பிஸ்கெட் டப்பாவுக்குள் போர்டை வைத்து, மூடியில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்திருந்தாள். அதே தட்டு, அதே ஊசி, அதே பானை. பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. உச்சத்துக்குப் போனபோது நான் உடையப் போகிறது என்று காத்திருந்தேன். உடையவேண்டும் என்றுதான் காத்திருந்தேன் என்று இப்போது சொல்லலாம். அது உடையவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்களா?"

"பரவால்ல" என்றேன்.

அந்தப் பாட்டைக் கேட்டு பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் வீட்டுக்குள் வந்தார். வந்தவர் பானைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டார்.

"சாமி, நெம்ப நல்லா இருக்குதுங்க. இது யாரு, நீங்க செஞ்சதுங்களா?"

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எனக்கு அது தெரியும். இருந்தும், "ஆமாங்க" என்றேன்.

"இதே மாதிரி கடைக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. பஸ்ஸுல எறங்கறவன் பாட்டக் கேட்டே உள்ள வரோணும்."

"பதினஞ்சு நாள்ல தாரனுங்க."

அவர் போனபிறகு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று குழம்பு வைத்து, சோறு போட்டு, எப்போதும்போல இருந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் உள்ளூர எரிந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போது அதே நினைப்பு. தட்டச்சு செய்யும்போது அதே நினைப்பு. நான் வருடக்கணக்காக இதில் இருக்கிறேன். படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இவள் நேற்று உட்கார்ந்தவள். இவளுக்கு எப்படி? யோசித்து யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தேன். அவள் சொன்னதுதான் சரி, எல்லா டிரான்சிஸ்டரும் ஒன்றாக இருப்பதில்லை. அதிர்ஷ்டத்தில் நல்லது அவள் கையில் மாட்டிவிட்டது. அவள் சொன்ன சொல்லையே எடுத்து அவள் திறமையைக் கழித்துக் கட்டினேன். அதில் கொஞ்சம் நிம்மதிகூடக் கிடைத்தது.

டீக்கடைக்காக நான் செய்ததும் அதே கரகரப்பில்தான் வந்தது. இரண்டு தடவை பிரித்துக் கட்டினேன். மாறவில்லை. பதினைந்து நாள் கெடுவில் பத்து நாள் போய்விட்டது.

அந்த வாரம் அவள் அண்ணன் மகளுக்கு ஜலகண்டாபுரத்தில் காதுகுத்து. எனக்கு அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி அவளை மட்டும் பஸ் ஏற்றிவிட்டேன். வேலை ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அவளுடைய பிஸ்கெட் டப்பாவைத் திறந்தேன்.

ஈயம் வைத்த இடமெல்லாம் கேழ்வரகு மணி மாதிரி உருண்டையாகப் பளபளத்தது. முதல் டிரான்சிஸ்டரின் தலையில் சிவப்பாக ஒரு புள்ளி. கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சில் பொட்டு வைத்திருந்தாள். நல்லதென்று தெரிந்து அடையாளம் வைத்திருக்கிறாள், இதுதான் ரகசியம் என்று முடிவு செய்தேன். சூட்டுக்கோலை வைத்து அதைப் பிடுங்கினேன். அவசரத்தில் போர்டில் ஒரு கறுப்புத் தழும்பு விழுந்தது. தேக்குப் பெட்டியிலிருந்த என் போர்டின் முதல் டிரான்சிஸ்டரைக் கழற்றி அவளுடையதில் வைத்தேன். பொட்டு வைத்ததை என்னுடையதில் வைத்தேன்.

முதலில் அவளுடையதைத்தான் ஓட்டினேன். என் ஆம்ப்ளிஃபயர் பாடவேண்டும் என்பதைவிட அவளுடையது கெடவேண்டும் என்பதே எனக்கு முக்கியமாக இருந்தது. அது கெடவில்லை. மூச்சிழுப்பு, உச்சம் எல்லாம் முன்பு கேட்டபடியே கேட்டது. காதைப் பானையோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

பிறகு என்னுடையதை ஓட்டினேன். கரகரப்பு போய், இப்போது நோஞ்சான் குரலாக ஈனமாக வந்தது. சத்தத்தைக் கூட்டினால் வேறு மாதிரி கிழிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதை எடுத்துக்கொண்ட என்னுடையது இப்படி. கெட்டதை வாங்கிக்கொண்ட அவளுடையது அப்படி. மறுபடி மாற்றி வைக்கலாம் என்று பார்த்தேன். போர்டில் இன்னும் தழும்பு விழுமே என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் அவள் வந்தாள். பலகாரப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கை கால் கழுவினாள். பாட்டுக் கேட்கலாம் என்று டப்பாவைத் திறந்தாள். உள்ளே கருகிய இடத்தை விரலால் தடவினாள்.

"ஏனுங்க, இதத் தொட்டீங்களா?"

"இல்லியே."

"கருகியிருக்குது. பொட்டு வெச்சதக் காணம்."

"எனக்கென்ன தெரியும்?"

அவள் எழுந்து என் மேஜைக்குப் போனாள். தேக்குப் பெட்டியின் பின்பலகையை எடுத்தாள். உள்ளே சிவப்புப் பொட்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதைத் துடைத்து அழிக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"எடுத்ததுதான் எடுத்தீங்க. பாடுச்சுங்களா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு நல்லதா வாய்ச்சிருச்சு. அதான் பாடுது. இதுல உன்ற சாமர்த்தியம் என்ன இருக்குது?"

"நல்லதா?" அவள் என்னைப் பார்த்தாள். "பொட்டு வெச்சதெல்லாம் கம்மியானதுங்க. கலந்துரக் கூடாதுன்னுதான் பொட்டு வெச்சேன். ஒசத்தியானதையெல்லாம் உங்க டப்பாவுலதான் போட்டு வெச்சேன். நீங்கதானே ரேடியோக்காரரு."

அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். இருபது டிரான்சிஸ்டருக்கும் இருபது வரி. நான் செய்ய ஆரம்பிக்கும் முன்பே, வேலைக்குப் போன பகல்களில் ஒரு பேட்டரி, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர், என்னுடைய மீட்டர் இவற்றை வைத்து ஒவ்வொன்றாக அளந்திருக்கிறாள். ஒன்றில் கெயின் நூற்றிருபது. இன்னொன்றில் நானூறு. ஒரே நம்பர், ஒரே பொட்டலம்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"உங்க பாடப் புஸ்தகந்தானுங்க. பதினாலாம் பாடம். இங்கிலீசு, அகராதி வெச்சுக்கிட்டுப் படிச்சேன்."

பதினாலாம் பாடத்தை நான் படிக்கவில்லை. அதன் கேள்விகளுக்கு இன்னொருவன் எழுதிய விடைகளைப் பார்த்து எழுதி அனுப்பியிருந்தேன். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பத்திரிகை வரைபடத்தில் முதல் டிரான்சிஸ்டருக்கு ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் போகிறது. அந்த அளவு நடுத்தரமான கெயினுக்குத்தான் பொருந்தும். கெயின் அதிகமானால் திணறும், குறைந்தால் சோர்ந்து போகும். என்னுடையது முதலில் திணறியது, பிறகு சோர்ந்தது. பாடத்தில் இருந்த வழி வேறு: முன்னால் இரண்டு ரெசிஸ்டர், டிரான்சிஸ்டரின் கீழ்ப்பக்கத்துக் காலில் ஒன்று. அப்படிக் கட்டினால் டிரான்சிஸ்டரின் கெயின் எதுவானாலும் அது தன் அளவில் நிற்கும். அவள் அப்படித்தான் கட்டியிருந்தாள்.

"எது மாட்டுனாலும் பாடோணும்னு கட்டுனதுங்க" என்றாள். "நீங்க அதுல இருந்து எதப் புடுங்கிட்டுப் போனாலும் பாடும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியிலும் பொறாமை அப்படியே இருந்தது. அதிர்ஷ்டம் என்று ஒரு சாக்கு இருந்தது, அதையும் அவள் பிடுங்கிவிட்டாளே என்றுதான் முதலில் நினைத்தேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. "டீக்கடைக்கு நான் செஞ்சு தாரேன்" என்றாள் அவளே. "ஆனா நான் செஞ்சதுன்னு சொல்லித்தான் குடுக்கோணும்."

"சொல்றேன்" என்றேன்.

அவள் செய்தாள். நான் தேக்குப் பெட்டிக்குள் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. மஞ்சள் மூட்டை இறக்க வந்தவர்கள் மூட்டையோடு நின்று கேட்டார்கள். கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரேடியோக்காரர்னா ரேடியோக்காரர்தானுங்க!" அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

"சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன். பதினஞ்சு பேரு இருந்தாங்க."

ஒரு மாதம் கழித்து அவள் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் கடைக்காரரே கூப்பிட்டு, உங்க ஊட்டுக்காரர் கை ராசியான கைங்க என்று புகழ்ந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். பிறகு சூட்டுக்கோலைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். அதன்பிறகு ஏழு வருடம் அவள் அந்த மேஜைப் பக்கம் வந்து உட்காரவில்லை.

சூட்டுக்கோல் பரணுக்குப் போன அன்று எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. இதை நான் மறைத்தால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன். மேஜை மறுபடி எனக்கு மட்டும் என்று ஆயிற்று. அவளுடைய நோட்டையும் பதினாலாம் பாடத்தையும் பார்த்து அவள் கட்டியபடியே நானும் கட்டினேன். நன்றாகவே பாடின. ஆட்டையாம்பட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்கும்போது சத்தத்தைக் கூட்டி வைப்பேன், சமையலறைக்குக் கேட்கட்டும் என்று. நன்றாக இருக்கிறது என்று அவள் ஒரு தடவை சொல்லமாட்டாளா என்று காது அந்தப் பக்கமே இருக்கும். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் வரும். பிள்ளைகள் இரண்டு பேர் பிறந்தார்கள். வீட்டில் எங்களுக்குள் சண்டை சச்சரவு என்று ஒன்றும் கிடையாது. ஒறம்பரையாக வந்து தங்கிய சொந்தக்காரர்கள் யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த மேஜை விஷயம் மட்டும் எங்கள் பேச்சில் வராது.

எண்பத்தாறில் டீக்கடை ஆம்ப்ளிஃபயர் பாடுவதை நிறுத்தியது. போய்ப் பார்த்தேன். கடைசி ஜோடி டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகியிருந்தன. புதிதாக மாற்றினேன், அரை மணியில் அதுவும் கருகியது. மறுபடி மாற்றினேன், மறுபடியும் கருகியது. அந்தப் பகுதியை அவள் தன் யோசனையில் வேறு விதமாகக் கட்டியிருந்தாள். எனக்கு அது பிடிபடவில்லை. கடைக்காரர் பக்கத்தில் நின்றார். "ஏனுங்க, நீங்களே செஞ்சதுதானுங்களே?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன். "இது நான் செஞ்சதில்லைங்க. என்ற ஊட்டுக்காரி செஞ்சது. அன்னிக்கி நீங்க எங்கூட்டுல கேட்டதும் அவ செஞ்சதுதான். எனக்கு இது புரியல. அவளத்தான் கேக்கோணும்."

அவர் திடுக்கிடவில்லை, கோபிக்கவும் இல்லை. "அப்பிடிங்களா? மொதல்லயே சொல்லியிருந்தா என்ற மச்சான் லாரிக்கும் அவங்ககிட்டயே குடுத்திருப்பனுங்களே. நீங்க செஞ்சு குடுத்தது மேடு ஏறுனா எரையுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கறான்" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டேன்" என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியையே பார்த்தாள்.

"எத்தன பேரு இருந்தாங்க?"

"ஆறேழு பேரு."

"அன்னிக்கி பதினஞ்சு பேருன்னு சொன்னீங்க."

"மிச்சப் பேருகிட்டயும் சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய் முக்காலியைப் போட்டு ஏறிப் பரணில் கையை விட்டாள். துணியைப் பிரித்தபோது சூட்டுக்கோலின் முனை பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளை எடுத்து நான் தேய்த்துக் கொடுத்தேன். கருகிய இடத்தை அவள் ஒரு பகலில் சரி செய்தாள்.

அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கமிருந்து வருவார்கள். லாரி ஓடும்போது எஞ்சின் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்கவேண்டும், வடக்கே போய்த் திரும்பும்வரை கெடக்கூடாது. அதற்கு அவள் கட்டுவதுதான் தாங்கியது. தகடு வெட்டுவது, ஓட்டை போடுவது, பெட்டி கட்டுவது என் வேலை ஆயிற்று. அலுவலகம் விட்டு வந்து செய்வேன். கதவைத் தட்டுகிறவர்கள் என்னைப் பார்த்து, "அம்மணி இருக்குறாங்களா?" என்பார்கள். நான் உள்ளே போய்க் கூப்பிடுவேன்.

கூப்பிடப் போகிற அந்த நாலைந்து அடியில் பழைய எரிச்சல் ஒரு தடவை எட்டிப் பார்க்கும். அவளிடம் ஒருநாள் அதையும் சொன்னேன். "தெரியுமுங்க" என்றாள். "அதுக்குத்தான் பெட்டியில உங்க கைவேலை நல்லா இருக்குதுன்னு வாரவங்ககிட்டயெல்லாம் சொல்றேன்." அவள் அப்படிச் சொல்கிறாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. அடுத்த தடவை ஒரு லாரிக்காரர் பெட்டியைத் தடவிப் பார்க்காமல் நேராகப் பாட்டைக் கேட்கப் போனபோது மறுபடி எரிந்தது.